முடித்தால் நாளைக்குக் கூடும்

மண்வேலையில் ஆட்கள் அளவை எப்படி ஏமாற்றுவார்கள் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். கான்ட்ராக்டர்களிடம் பதினெட்டு வருஷம் சூப்பர்வைசராக இருந்தவன் நான், பெரும்பாலும் மீட்டர் கேஜ் பாதையைப் பிடுங்கிவிட்டு அகலப்பாதை போடுகிற வேலை. குழி வெட்டும்போது நடுவில் கொஞ்சம் மண்ணை வெட்டாமல் தூண் மாதிரி விட்டுவைப்போம், சாயங்காலம் டேப் வைத்து அந்தத் தூணின் உயரத்தைப் பார்த்துத்தான் இன்றைக்கு எத்தனை கன மீட்டர் என்று கணக்கு. ராத்திரியோடு ராத்திரியாகத் தூண் தலையில் நாலு மம்பட்டி மண்ணைப் போட்டுத் தட்டி, மேலே புல்லைக்கூடப் பதித்துவிடுவார்கள். கெட்டிக்காரர்கள்.

அதனால் இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் கையில் சிக்கிய வெள்ளைக்காரச் சிப்பாய்கள் அளவு முளையைப் பிடுங்கிக் கொஞ்சம் தள்ளி நட்டுவிட்டு வேலை முடிந்தது என்று நின்ற கதையைப் படித்தபோது முதலில் சிரிப்புதான் வந்தது. அப்புறம் தொடர்ந்து படித்தேன். சயாம்-பர்மா ரயில் பாதை. தாய்லாந்துப் பக்கம் நோங் பிளாடுக்கிலிருந்து பர்மாவில் தன்பியூஸாயத் வரை 415 கிலோமீட்டர், 1942 கடைசியில் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்துவிட்டார்கள். காடு, மலை, மழைக்காலம், இயந்திரம் என்று சொல்ல அநேகமாக ஒன்றும் கிடையாது. இந்தத் தொழிலில் இருந்தவனுக்கு அந்த வேகம் என்னவென்று தெரியும், முதலில் வாயைப் பிளக்கத்தான் தோன்றும். 60,000க்கும் மேற்பட்ட போர்க் கைதிகள் அதில் வேலை செய்தார்கள், 12,000க்கும் மேல் செத்தார்கள் என்பது அடுத்த வரியில் வருகிறது.

தண்டவாளத்தில் ஒரு பகுதி மலேயாவின் கிழக்குக் கரைப் பாதையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போனது. மீட்டர் கேஜ்தான், நான் பிடுங்கிய அதே அளவு.

நான் விடாமல் படித்தது டன்லப் என்ற ஆஸ்திரேலிய ராணுவ அறுவை மருத்துவரைப் பற்றி. ஜாவாவில் பிடிபட்டவர், 1943 ஜனவரியில் ஏறக்குறைய 900 பேரோடு இந்தப் பாதையோரத்துக் கொன்யு முகாமுக்கு வந்து சேர்ந்தார், பிறகு ஹின்டோக் முகாம். அவருடைய முழு நேர வேலை என்று பார்த்தால் வைத்தியம்கூட இல்லை, மஸ்டர்தான், அதாவது வேலைக்குப் போகும் ஆள் கணக்குதான் என்று எனக்குத் தோன்றியது. காலையில் ஜப்பான் எஞ்சினியர்கள் இத்தனை ஆள் வேண்டும் என்று ஒரு எண்ணைச் சொல்வார்கள். முகாமில் எத்தனை பேருக்கு வயிற்றுக்கடுப்பு, எத்தனை பேருக்கு மலேரியா, யாருக்குக் காலில் புண் எலும்பு தெரிகிற அளவுக்குப் போயிருக்கிறது என்பதெல்லாம் அந்த எண்ணுக்குத் தெரியாது. குறைந்தால் படுக்கையில் கிடப்பவனை எழுப்பு, நடக்க முடியாதவனைத் தூக்கிக்கொண்டு போய் உட்காரவை, உட்கார்ந்தபடி கல் உடைக்கட்டும். இருக்கிற நோயாளிகளில் யாரை அனுப்பினால் சாயங்காலம் உயிரோடு வருவான் என்று ஒரு டாக்டர் தினமும் பொறுக்கி எடுக்க வேண்டும். அதே மனிதர் கைதிகளில் அதிகாரிகளாக இருந்தவர்களுக்குக் கிடைத்த சம்பளத்தில் ஒரு பங்கைப் பிடித்து, நோயாளிகளுக்கு வாத்து முட்டையும் மருந்தும் வாங்க வைத்தார். சில அதிகாரிகளுக்கு அது பிடிக்கவில்லை. பிடித்தம் என்றால் எந்த ஊரிலும் அப்படித்தானே.

இனி என் விஷயம். அந்தப் பாதையின் மண்வேலையில் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கன மீட்டர் போல ஆரம்பித்திருக்கிறார்கள். புதிதாக வந்தவர்கள், உடம்பில் தெம்பு இருந்தது, மதியத்துக்கெல்லாம் முடித்துவிட்டு முகாமுக்குப் போய்ப் படுக்கலாம் என்று வேகமாக வெட்டினார்கள். மறுநாள் அளவு ஏறியது. அதையும் முடித்தார்கள், இன்னும் ஏறியது. பாறையில் வெடிக்குழி போட்டவர்களுக்கும் இதே கதைதான், அங்கே மீட்டர் கணக்கு.

இதைப் படித்தபோது புத்தகத்தை மூடிவிட்டேன். ஒரு மலை வெட்டில் என்னிடம் இருந்த ஒரு கோஷ்டி மூன்று மணிக்கே அன்றைய அளவை முடித்துவிட்டு டீக்கடையில் உட்கார்ந்திருந்தார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. மறுநாள் காலையிலேயே அளவை ஏற்றினேன், கூலியை ஏற்றவில்லை. மேஸ்திரி என்னை ஒரு பார்வை பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அதற்கப்புறம் அந்த வேலை முடிகிற வரைக்கும் எவரும் ஐந்து மணிக்கு முன்னால் முடிக்கவே இல்லை. நான் இதையும் அதையும் ஒன்று என்று சொல்ல வரவில்லை, என் ஆட்கள் பிடிக்கவில்லையென்றால் மூட்டையைக் கட்டலாம், நாலு பேர் கட்டவும் செய்தார்கள். சிப்பாய் எங்கே போவான்? தப்பி ஓடிப் பிடிபட்டால் சுடுவார்கள், பிடிபடாவிட்டால் காடு பார்த்துக்கொள்ளும். ஆனால் அந்த எஞ்சினியர் காலையில் முளையைத் தள்ளி நட்டபோது அவன் மண்டைக்குள் என்ன ஓடியிருக்கும் என்பதை நான் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. மேலே இருந்து நெருக்கியிருப்பார்கள். கடல் வழியாகப் பர்மாவுக்குச் சரக்கு அனுப்புவது நாளுக்கு நாள் ஆபத்தாகிக்கொண்டிருந்தது, தேதியை முன்னால் இழுத்தார்கள், முகாம்களில் அந்த மாதங்களுக்கு ‘ஸ்பீடோ’, அதாவது வேகம் என்றே பெயர்.

மருமகனுக்குப் பாங்காக்கில் வேலை. போன வருஷம் போயிருந்தபோது அந்த ரயில் பாதை போன காஞ்சனபுரிக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னேன். போர்க் கல்லறையில் ஏறக்குறைய 7,000 பேர், தரையோடு தாழ்ந்த கல், அதில் வெண்கலத் தகடு, பெயர், வயது. இருபத்துமூன்று, இருபத்தாறு. மலேயா ரப்பர் தோட்டங்களிலிருந்து ஆசை காட்டியும் பிடித்தும் கொண்டுபோன நம் ஆட்களுக்கு அங்கே தகடு கிடையாது. அவர்களுக்கு மஸ்டருக்காகச் சண்டை போட டாக்டர் என்று அநேகமாக யாரும் இருக்கவில்லை, செத்தவர்கள் எத்தனை என்பது இன்றுவரை உத்தேசக் கணக்குதான்.

அங்கிருந்து வடக்கே காரில் ஒன்றரை மணி நேரம் போனால் நரக நெருப்புக் கணவாய் (ஹெல்ஃபயர் பாஸ்), அந்தப் பாதைக்காகப் பாறையை வெட்டித் திறந்த இடம். ராத்திரி வேலைக்கு ஏற்றிவைத்த தீவட்டி வெளிச்சத்தில், எலும்பும் தோலுமாக ஆட்கள் அசைவதைப் பார்த்து வைத்த பெயர். மூங்கில் காட்டுக்குள் படி இறங்கினால் திடீரென்று இரண்டு பக்கமும் பாறைச் சுவர். சில கட்டைகள் கிடக்கின்றன. வெடிக்குழி போட ஒருவன் உளியைப் பிடித்துக்கொள்ள வேண்டும், இன்னொருவன் சம்மட்டியால் அடிக்க வேண்டும், ஒவ்வொரு அடிக்கும் பிடித்திருப்பவன் உளியைக் கொஞ்சம் திருப்ப வேண்டும், இல்லாவிட்டால் கடித்துக்கொண்டு நின்றுவிடும். அப்படிக் கடித்துக்கொண்டு உடைந்துபோன உளி ஒன்று இன்னும் அந்தச் சுவரிலேயே இருக்கிறது. துருப்பிடித்து, கட்டைவிரல் பருமனுக்கு.

வெடித்துப் போன பாறையில் குழியின் பாதி மட்டும் நீளக் கோடாக மிச்சம் நிற்கும், தொழில்காரன் கண்ணுக்கு அது உடனே தெரியும். ஒன்றின் மேல் கையை வைத்துச் சாண் சாணாக இறங்கினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.

“என்ன மாமா, இங்கேயும் அளக்கிறீங்களா?” என்றார் மருமகன்.

கையை எடுத்துக்கொண்டேன்.