கர்ப்பப்பையை எடுக்காமலே கட்டி சுருங்கியது

மாதவிலக்கின் இரண்டாம் நாள் ராத்திரி இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அலாரம் வைத்து எழுவேன். எழாவிட்டால் படுக்கை நனைந்துவிடும். ரத்தம் கட்டி கட்டியாகப் போகும். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 7.2. இப்படியே நான்கு வருடம், எல்லாருக்கும் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு ஓட்டிவிட்டேன்.

ஸ்கேனில் கர்ப்பப்பைச் சுவருக்குள் 7 சென்டிமீட்டர் ஃபைப்ராய்டு, அதாவது புற்றுநோய் அல்லாத தசைக் கட்டி, தெரிந்தது. முதலில் பார்த்த மருத்துவர், "வயது 43, குழந்தைகளும் இருக்கிறார்கள், கர்ப்பப்பையை எடுத்துவிடலாம்" என்றார். அதுவும் சரியான சிகிச்சைதான். கட்டி திரும்ப வராது என்ற உறுதி அதில்தான் உண்டு. ஆனால் வேறு வழிகள் இருக்கின்றன என்று ஒரு வார்த்தை சொல்லாதது எனக்கு இன்னும் ஆறவில்லை.

இரண்டாவதாகப் பார்த்தவர் எம்ஆர்ஐ எடுக்கச் சொல்லி, படம் வரைந்தே விளக்கினார். கட்டியின் அளவு மட்டும் போதாது, அது எங்கே இருக்கிறது என்பதும் தெரிய வேண்டுமாம். உட்குழிக்குள் நீட்டிக்கொண்டிருந்தால், வயிற்றில் கீறல் போடாமல், பிறப்புறுப்பு வழியாகக் கேமராக் குழாய் விடும் ஹிஸ்டரோஸ்கோப்பியிலேயே செதுக்கி எடுக்கலாம். இனி குழந்தை வேண்டும் என்பவர்களுக்குப் பெரும்பாலும் கட்டியை மட்டும் அகற்றுவதைத்தான் முதலில் யோசிப்பார்கள். ரேடியோ அலைச் சூட்டில் கட்டியைக் கருக்குவதும், வெளியிலிருந்தே ஒலி அலையைக் குவிப்பதும் உண்டு. எனக்கு, கட்டிக்குப் போகும் ரத்தத்தை அடைக்கும் எம்போலைசேஷன் பொருந்தும் என்றார். புது முறையோ என்று பயந்தேன். 1995-இலேயே பாரிஸ் மருத்துவர்கள் இதைப் பற்றி எழுதிவிட்டார்கள் என்று தெரிந்ததும் கொஞ்சம் தைரியம் வந்தது.

செய்தவர் இன்டர்வென்ஷனல் ரேடியாலஜிஸ்ட், அதாவது ஸ்கேன் படத்தைப் பார்த்தபடியே மெல்லிய குழாய் வழியாகச் சிகிச்சை செய்யும் மருத்துவர். மணிக்கட்டு வழியாக மெல்லிய குழாயை விட்டு, கர்ப்பப்பைக்குப் போகும் இரண்டு தமனிகளிலும் பொடி மணல் போன்ற துகள்களைச் செலுத்தினார். ரத்தம் கிடைக்காமல் கட்டி சுருங்கிவிடும். நான் அரைத்தூக்கத்தில் இருந்தேன். அது சுலபமாகவே முடிந்தது.

அன்றைய ராத்திரிதான் கஷ்டம். இதை யாரும் மறைக்கக் கூடாது. இரண்டாவது மணி நேரத்திலிருந்து அடிவயிறு பிரசவ வலிபோல இறுக்கிப் பிடித்தது. வலி மருந்துக்கான பொத்தானை நானே அழுத்திக்கொள்ளும்படி கையில் கொடுத்திருந்தார்கள். "பொறுத்துக்கொள்ளாதே, அழுத்து" என்று செவிலியர் அக்கா இரண்டு முறை வந்து சொன்னார். அவர் சொன்னபடி செய்தது நல்லது. அப்புறம் நான்கு நாள் லேசான காய்ச்சல், குமட்டல், சோர்வு. காய்ச்சல் ஏறினாலோ வெள்ளைப்படுதலில் துர்நாற்றம் வந்தாலோ உடனே வரவேண்டும் என்று எழுதியே கொடுத்திருந்தார்கள். பத்தாம் நாள் வேலைக்குப் போனேன்.

ஆறு மாதம் கழித்து கட்டி 5.3 சென்டிமீட்டர். இவ்வளவுதானா என்று முகம் வாடிவிட்டது. விட்டம் இவ்வளவு குறைந்தால் கன அளவு பாதிக்கு மேல் குறைந்திருக்கிறது என்று மருத்துவர் கணக்குப் போட்டுக் காட்டினார். ஹீமோகுளோபின் 11.8. சிகிச்சைக்கு முன் நிரப்பிய 37 கேள்விகள் கொண்ட தாளை மறுபடி கொடுத்தார்கள். உடையில் கறை படுமோ என்ற கவலை, வெளியே கிளம்பத் தயக்கம் என எல்லாம் அதில் இருந்தது. முதல் தடவை அதைப் படித்தபோது அழுதிருக்கிறேன், இதையெல்லாம் அதுவரை யாருமே கேட்டதில்லை. இந்தத் தடவை முக்கால்வாசிக்கு "ஒருபோதும் இல்லை" என்றே குறித்தேன்.

சிலருக்குச் சில வருடங்களில் மறுசிகிச்சை தேவைப்படும் என்று சொல்லியிருக்கிறார்கள். அதனால் வருடம் ஒரு ஸ்கேன். இந்தக் கட்டி குடும்பத்தில் தொடரக்கூடியது என்பதால் தங்கையையும் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். அடுத்த வாரம் அவளுக்கு ஸ்கேன், நானும் கூடப் போகிறேன்.