பரீட்சை முடிஞ்சாச்சு, பனிச்சறுக்குக்குப் போலாமா?

பிளஸ் டூ முடிந்தால் முட்டம், திற்பரப்பு என்று ஒரு சுற்று சுற்றுவதுதான் நம்ம குமரி மாவட்டத்து வழக்கம். இப்போது பிள்ளைகளுக்குப் பனி ஆசை வந்திருக்கிறது. போகலாம் மக்களே, ஆனால் சனி ஞாயிறில் முடிகிற காரியமல்ல. திருவனந்தபுரத்தில் விமானம் ஏறி, டெல்லியில் மாறி ஸ்ரீநகர். அங்கிருந்து பனிச்சறுக்குக்குப் பேர்போன குல்மார்க் ஏறக்குறைய 50 கிலோமீட்டர். போக வர இரண்டு நாள், சறுக்க மூன்று நாள் என்று வையுங்கள். ஹிம்சாகர் எக்ஸ்பிரஸ் கன்னியாகுமரியிலிருந்தே கிளம்புகிறது, ஆனால் வாரம் ஒருமுறைதான். அது போய் நிற்கிற ஜம்மு பக்கத்துக் கத்ரா சேரவே மூன்று ராத்திரி ஆகும்.

மார்ச் கடைசியில் கீழ்ச்சரிவில் பனி கரையத் தொடங்கியிருக்கும். அப்போது கோண்டோலா என்ற ரோப் காரில் ஏறி 3,000 மீட்டருக்கு மேலுள்ள கோங்தூரிக்குப் போக வேண்டிவரும். நீட் எழுதுகிறவர்கள் மே மாதம் போனால் கீழே புல்லைத்தான் பார்ப்பார்கள். அடுத்த ஜனவரிக்குத் தள்ளிவைப்பது நல்லது.

பூட்ஸும் சறுக்குப் பலகையும் வாடகைக்குத் தரும் கடையில் எடை கேட்பார்கள், உள்ளதைச் சொல்லுங்கள். பூட்ஸைப் பலகையோடு பிடித்திருக்கும் பைண்டிங்கை அந்தக் கணக்கில்தான் முறுக்குவார்கள். கெத்துக்கு பத்து கிலோ கூட்டிச் சொன்னால், விழும்போது பலகை கழன்று விழாது, முட்டு ஜவ்வு கிழியும். பலகை தாடை உயரம் போதும்.

பூட்ஸுக்குள் முட்டுவரை நீண்ட மெல்லிய சாக்ஸ் ஒன்றே ஒன்று. குளிருக்குப் பயந்து இரண்டு போட்டால் மடிப்பு விழுந்து ரத்த ஓட்டம் குறையும், கால் இன்னும் விறைக்கும். பேன்ட் நுனியை உள்ளே திணிக்காதீர்கள். குதிகாலைத் தரையில் தட்டி உட்கார வைத்த பிறகே கொக்கி மாட்ட வேண்டும். நேராக நின்றால் கால்விரல் பூட்ஸின் முன்பக்கத்தைத் தொடணும், முட்டை மடக்கினால் விலகணும். அதுதான் சரியான அளவு.

காட்டன் பனியன் வேர்வையைக் குடித்து அப்படியே குளிர்ந்துவிடும். கடற்கரை ஊர்ப் பிள்ளைகளிடம் இருக்கிற ஃபுட்பால் ஜெர்சியே உள்ளுடுப்புக்குத் தோது. ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம்.

முதல் பாடம், பலகைகளின் முன்நுனி நெருங்கி, பின்பக்கம் அகன்று, ஆப்பு வடிவில் நிற்பது. அதுதான் பிரேக். இடதுகாலை அழுத்தினால் வலப்பக்கம் திரும்பும். சரிவைப் பார்த்ததும் பயத்தில் உடம்பு பின்னால் சாயும். அங்கேதான் எல்லாரும் விழுவது. பாரம் பின்னால் போனால் பலகையின் முன்பாதி பனியைப் பிடிக்காது, நீங்கள் சொன்னதைக் கேட்காது. கட்டுமரத்தில் நிற்கிறவர் மாதிரி முட்டை மடக்கி, கணைக்கால் பூட்ஸின் நாக்கில் அழுந்த நில்லுங்கள். விழப்போகிறீர்கள் என்று தெரிந்தால் பக்கவாட்டில் உட்காருங்கள், கையை ஊன்றாதீர்கள். எழும்போது பலகைகள் சரிவுக்குக் குறுக்கே, உடம்புக்குக் கீழ்ப்பக்கமாக இருக்கணும். இல்லாவிட்டால் எழுந்த வேகத்திலேயே ஓடும்.

மத்தியானத்துக்கு மேல் பனி நனைந்து பலகையைப் பிடித்து இழுக்கும். களைத்த காலோடு அந்த நேரத்தில் "கடைசியா ஒண்ணு" என்று ஏறாதீர்கள்.

குல்மார்க் 2,650 மீட்டர் உயரம். கடல்மட்டத்திலிருந்து போகிறவர்களுக்கு முதல்நாள் தலைவலி வரலாம். தண்ணீர் நிறையக் குடியுங்கள், அதற்கும் மேலே இருக்கிற அப்பர்வத் மலை உச்சியை அன்றைக்கே தொடவேண்டாம். வெளிமாநில ப்ரீபெய்ட் சிம் ஜம்மு காஷ்மீரில் வேலைசெய்யாது, ஒருவரிடமாவது போஸ்ட்பெய்ட் இருக்கட்டும். ஏத்தங்காய் சிப்ஸ் தாராளமாகக் கொண்டுபோகலாம். தேங்காயெண்ணெய் பாட்டிலிலேயே கல்லாகிவிடும், அகன்ற வாய் டப்பாவில் எடுங்கள்.