கிளுவை வேலிக்குள் ஒரு வீரக்கல்

ஆடிப் பதினெட்டன்று ஓடாநிலையில் கூட்டம் அதிகமாக இருக்கும் என்பதால், மறுநாள் காலையில் ஈரோட்டிலிருந்து புறப்பட்டு அறச்சலூர் வழியாக அங்கே போய்ச் சேர்ந்தேன். சங்ககிரிக் கோட்டையில் 1805-ஆம் ஆண்டு தூக்கிலிடப்பட்ட தீரன் சின்னமலை, கோட்டை கட்டிக் கும்பினிப் படையை, அதாவது ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையை, எதிர்த்து நின்ற ஊர் இது. அந்தக் கோட்டையைப் பகைவர்கள் இடித்துத் தள்ளிவிட்டதால், பிற்காலத்தில் அரசு எழுப்பிய மணிமண்டபமும், ஓடாமல் நின்றதைச் சொல்வதுபோல் ஒலிக்கும் ஊர்ப்பெயரும்தான் இன்று அவருடைய நினைவைத் தாங்கி நிற்கின்றன. முந்தைய நாள் சாற்றிய மாலைகள் இன்னும் முழுதாக வாடியிருக்கவில்லை. சற்று நேரம் நின்று வணங்கிவிட்டு, காங்கயம் பக்கம் பார்க்க வேண்டும் என்று நான் நெடுநாளாக எண்ணியிருந்த வேறொரு நினைவுச் சின்னத்தைத் தேடிச் சென்றேன்.

அது ஒரு கொறங்காட்டுக்குள் இருக்கிறது. கொழுக்கட்டைப் புல் முளைத்த மேய்ச்சல் நிலம். நடுநடுவே வெள்வேல மரங்கள், சுற்றிலும் கிளுவை வேலி. கட்டுக்கயிற்றை அறுத்துக்கொண்டு வந்தவை போன்ற நான்கைந்து காங்கயம் மாடுகள் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடியும் மேயத் தொடங்கின. வேலியோரம் இடுப்பளவு உயரமுள்ள ஒற்றைப் பலகைக் கல்லில், புலியோடு போரிடும் ஒருவன் புடைப்பாகச் செதுக்கப்பட்டிருக்கிறான். கொங்கு நாட்டில் இதைப் புலிகுத்திக் கல் என்பார்கள்.

புலியைக் குத்தியவனுக்கு எடுத்த கல்லைப் போர் நினைவுச் சின்னம் என்று சொல்லலாமா என்று கேட்பவர்கள் உண்டு. சொல்லலாம் என்பதே என் எண்ணம். பழந்தமிழ் இலக்கணம் போரை ஆநிரையிலிருந்துதான், அதாவது மாட்டு மந்தையிலிருந்துதான் தொடங்குகிறது. கவர்வது வெட்சி, மீட்பது கரந்தை. தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006-இல் கண்டெடுக்கப்பட்ட, தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்துப் பொறித்த நடுகல்லிலும், ஆநிரை கவர்தலைக் குறிக்கும் 'ஆகோள்' என்ற சொல்லே நிற்கிறது. மாடே செல்வமாக இருந்த மண்ணில், பட்டிக்குள் பாய்ந்த புலியை மறித்து உயிர்விட்டவனுக்கும் பகைவர் படையை மறித்து வீழ்ந்தவனுக்கும் ஒரே வகை மரியாதை கிடைத்ததில் வியப்பில்லை.

இந்தக் கல்லில் ஓர் எழுத்துகூட இல்லை. ஆனால் படிக்க நிறைய இருக்கிறது. புலி பின்னங்கால்களில் எழுந்து நிற்கிறது. அதன் தலை வீரனின் தலைக்குச் சமமான உயரத்தில் இருக்கிறது. எதிரியைச் சிறியதாக்கி வீரனைப் பெரியவனாக்கும் எளிய வழியைச் சிற்பி நாடவில்லை. வீரனின் கொண்டை ஒருபக்கமாகச் சாய்ந்திருக்கிறது, கால்கள் அகன்று ஊன்றியிருக்கின்றன, வாள் புலியின் வயிற்றில் நுழைந்து முதுகில் வெளிவந்திருக்கிறது. புலியின் முன்னங்கால் ஒன்று அவன் தோளில் பதிந்திருக்கிறது. மேலே சூரியனும் பிறையும் உள்ளன. அவை உள்ள வரை இவன் பெயர் நிற்கும் என்பது அவற்றின் பொருள். அவனுக்கு இடப்புறம் வளையல் அணிந்த கையை உயர்த்தியபடி ஒரு சிறு பெண் உருவம். கணவனோடு சுமங்கலியாகவே உயிர்விட்டவள் என்பதை அந்த உடையாத வளையல்கள் சொல்கின்றன. அவளைப் பார்த்த பிறகு வீரனின் பெருமையை மட்டும் எண்ணிக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை.

வேறு சில ஊர்களில் மூன்று அடுக்குக் கற்களும் உண்டு. கீழே போர், நடுவில் சாமரம் வீசி வீரனை அழைத்துச் செல்லும் தேவமகளிர், உச்சியில் சிவலிங்கத்தின் முன் அவன் என, கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும். எனக்கோ, விண்ணுலகம் எதையும் காட்டாத இந்த ஒற்றைக் காட்சியே அதிகம் பிடித்திருக்கிறது.

ஒன்று மட்டும் மனத்தை வருத்தியது. பக்தியோடுதான் செய்திருப்பார்கள், ஆனாலும் கல் முழுவதும் மஞ்சளும் கறுப்புமாக எனாமல் பெயின்ட் அடித்துவிட்டதால், ஆழம் குறைந்த செதுக்கல்கள் பல இடங்களில் மூடிப்போய்விட்டன. புலியின் வால் எங்கே என்று எவ்வளவு தேடியும் தெரியவில்லை.

அப்போது வயதான அம்மா ஒருவர் சொம்பில் தண்ணீரோடு வந்து, கல்லின் தலையில் நிதானமாக ஊற்றினார். நடுகல் எடுக்கும் முறையைத் தொல்காப்பியம் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்து என்று ஆறு துறைகளாக வகுக்கிறது. அவற்றில் மூன்றாவதாகிய நீர்ப்படை, அதாவது கல்லை நீராட்டுவது, இந்தக் கொறங்காட்டில் இன்னும் முடியவில்லை என்று தோன்றியது.

"ஏனுங்க ஆத்தா, புலிக்கு வாலு இல்லீங்களா?" என்று கேட்டேன்.

"இருக்குது கண்ணு, பெயின்ட்டுக்குள்ள போயிருச்சு. இங்க தடவிப் பாரு" என்று என் விரலைப் பிடித்துக் கல்லில் வைத்தார்.

ஈரக் கல்லில் மெல்லிய மேடு ஒன்று விரலுக்குத் தட்டுப்பட்டது. அது புலியின் இடுப்பிலிருந்து முதுகோரமாக மேலேறி, வெளிவந்த வாள்முனையையும் தாண்டி, உச்சியில் கொக்கிபோல் வளைந்து நின்றது. வயிற்றில் வாள் பாய்ந்த பிறகும் அந்த வால் விறைப்பாக உயர்ந்தே இருக்கிறது. இருவரில் யாரும் இன்னும் விழாத நொடியைத்தான் சிற்பி செதுக்கியிருக்கிறான்.