டை அலர்ஜியா? எந்த டை, என்ன ஆச்சு?

ஆஞ்சியோவில் ரத்தக்குழாய்கள் எக்ஸ்-ரேயில் தெரிவதற்காக அயோடின் உள்ள ஒரு டையை உள்ளே செலுத்துவோம். ஆஞ்சியோவுக்கு வருகிறவரின் ஃபைலில் சிவப்பு மையில் "அயோடின் அலர்ஜி" என்று மட்டும் எழுதியிருந்தால் ஆஞ்சியோ செய்யும் கேத் லேபில் நர்ஸாக இருக்கும் எனக்கு அதை வைத்து ஒன்றுமே செய்ய முடியாது. எந்த டை போட்டார்கள், எத்தனை நிமிஷத்தில் என்ன வந்தது, எந்த மருந்துக்கு அடங்கியது, இதுதான் வேண்டும். அயோடின் நாம் சாப்பிடும் உப்பிலேயே இருக்கிறது. ஒத்துக்கொள்ளாமல் போவது டையின் மூலக்கூறு. இறால், நண்டு சாப்பிட்டால் தடிக்கிறவர்களுக்கு அதிலுள்ள புரதம்தான் காரணம், அதற்காக ஆஞ்சியோவைத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

"போன தடவை உடம்பெல்லாம் சூடாகி, வாயில் இரும்பு ருசி வந்து குமட்டிச்சு" என்று ஒரு பாட்டி பயந்துபோய் வந்தார். தடிப்பு, அரிப்பு, முகவீக்கம், மூச்சிரைப்பு ஏதாவது வந்ததா பாட்டி என்று கேட்டால், "அதெல்லாம் இல்ல கண்ணு". சூடும் குமட்டலும் அலர்ஜியே இல்லை.

நிஜமாகவே தடிப்பு வந்தவர்களுக்கு வழக்கமான முறை, 13, 7, 1 மணி நேரம் முன்பாக ஸ்டீராய்டு மாத்திரை, கடைசி வேளையோடு அலர்ஜி மருந்து. காலை 9 மணிக்கு ஆஞ்சியோ என்றால் முந்தின இரவு 8, அதிகாலை 2, காலை 8. அந்த 2 மணி வேளையைத் தூக்கத்தில் விட்டுவிடுகிறார்கள், அப்புறம் மேஜையில் படுக்கவைத்து ஊசி போட்டால் போதும் என்று நினைக்கிறார்கள், ஆனால் ஸ்டீராய்டு வேலை செய்யவே குறைந்தது நாலைந்து மணி நேரம் ஆகும். சர்க்கரை நோயாளிகளுக்கு அன்று சர்க்கரை ஏறும், அதையும் பார்க்க வேண்டும்.

டையை மாற்றுவதும் முக்கியம். அதிலும் அயோஹெக்சால், அயோடிக்சனால் என்ற இரண்டு டைகளும் ஒன்றுவிட்ட சகோதரர்கள் மாதிரி, ஒன்று ஒத்துக்கொள்ளாவிட்டால் மற்றதும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம்.

இத்தனை செய்தும் சிலருக்கு வந்துவிடும், அதனால் கடுமையான அலர்ஜியை அடக்கும் அட்ரினலின் ஊசி கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். சி.டி. ஆஞ்சியோவுக்கு இதயத்துடிப்பைக் குறைக்க பீட்டா பிளாக்கர் கொடுத்திருந்தால் அட்ரினலினே சரியாக வேலை செய்யாமல் போகலாம், அப்போது குளுக்ககான் என்ற இன்னொரு ஊசி மருந்து தேவைப்படும்.

மாரடைப்போடு வருகிறவருக்கு 13 மணி நேரம் காத்திருக்க முடியாது. ஊசி மருந்துகளைக் கொடுத்துவிட்டு உடனே உள்ளே கொண்டுபோவோம். அந்த நேரத்தில் வீட்டார் டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்து நீட்டி, டையின் பெயரைக் காட்டினால் எங்களுக்கு எவ்வளவு உதவி தெரியுமா! அதில் பெயர் எழுதியில்லை என்றால் டை போட்ட இடத்தில் இப்போதே கேட்டு வாங்கி வையுங்கள்.