இரண்டாவது மிதிக்குப் பிடித்த பிரேக்

தருமபுரி நான்கு ரோட்டில் வண்டியை நிறுத்திக் காத்திருந்தபோதுதான் அதைக் கவனித்தேன். பிரேக் மிதியில் கால் இருந்தது. அழுத்தத்தை நான் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. ஆனாலும் சேற்றில் புதையும் கால்போல மிதி மெல்லக் கீழே இறங்கிக்கொண்டே போயிற்று. காலை எடுத்து மறுபடி மிதித்தேன். கெட்டியாக நின்றது.

எங்களுடையது 1972ஆம் ஆண்டு அம்பாசிடர் மார்க் 2, அப்பா வாங்கியது. நான்கு சக்கரங்களுக்கும் டிரம் பிரேக், அவை அனைத்துக்கும் அழுத்தம் கொடுப்பது ஒரே மாஸ்டர் சிலிண்டர். இன்றைய கார்களில் இருப்பதுபோல இரண்டு தனித்தனி வழிகள் கிடையாது. அது கைவிட்டால் மிஞ்சுவது ஹேண்ட் பிரேக் மட்டுமே. சேலத்துக்கு அடிக்கடி போகவேண்டியவன் நான், வழியில் தொப்பூர் கணவாய். அந்த இறக்கத்தில் பிரேக் பிடிக்காத லாரி முன்னால் சென்ற வண்டிகள்மீது மோதிய செய்திகளைப் படித்தே வளர்ந்தவர்கள் எங்கள் ஊர்க்காரர்கள். இரண்டாவது மிதிக்குத்தான் பிடிக்கிறதே என்று விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

பென்னாகரம் சாலைப் பக்கம் பட்டறை வைத்திருக்கும் பெரியவரிடம் கொண்டுபோனேன். நான்கு சக்கரங்களின் உட்புறமும் பார்த்தார், கசிவு இல்லை. பிரேக் ஆயில் அளவும் குறையவில்லை. "வெளியே ஒழுகவில்லை தம்பி, உள்ளேயே திரும்புகிறது" என்றார். சிலிண்டருக்குள் ஆயிலைத் தள்ளும் பிஸ்டனுக்கு முன்னால் இருக்கும் ரப்பர் கப் தேய்ந்துவிட்டால், அழுத்தப்பட்ட ஆயில் அதன் ஓரமாக நழுவிப் பின்னால் போய்விடும். சட்டென்று மிதித்தால் கப் விரிந்து பிடித்துக்கொள்ளும். நிதானமாக மிதித்தால் வழிவிடும். நல்ல மிதியும் கெட்ட மிதியும் மாறிமாறி வந்தது இதனால்தான்.

2014இல் உற்பத்தி நின்றுபோன காருக்கு உதிரிபாகம் தேடுவது தனி வேலை. கடைசியில் பெங்களூரு ஜே.சி. சாலையில் பெட்டி பிரிக்காத பழைய இருப்பு மாஸ்டர் சிலிண்டர் ஒன்று கிடைத்தது. சந்தோஷமாகக் கொண்டுவந்து கொடுத்தேன். பெரியவர் அதை மாட்டவில்லை, பிரித்தார். உள்ளே இருந்த கப்பை விரலால் மடக்கிக் காட்டினார். ஓரத்தில் மயிரிழைபோல் ஒரு வெடிப்பு. பயன்படுத்தாமல் அலமாரியில் கிடந்தே ரப்பர் இறுகிப்போயிருந்தது. சிலிண்டரின் உட்சுவர் கீறலோ துருவோ இல்லாமல் வழவழப்பாக இருந்ததால் புதிய கிட் வாங்கிக் கப்புகளை மட்டும் மாற்றினோம். அவற்றைப் பிரேக் ஆயிலில் நனைத்தே உள்ளே நுழைத்தார். பெட்ரோலோ என்ஜின் ஆயிலோ பட்டால் இந்த ரப்பர் ஊதிவிடும் என்று சொல்லிப் பக்கத்தில் இருந்த எண்ணெய்க் கந்தலைக்கூடத் தள்ளி வைத்தார்.

காரில் இருந்த பழைய சிலிண்டரைக் கழற்றவே ஒரு பகல் போயிற்று. இந்த மாடலில் மாஸ்டர் சிலிண்டர் ஓட்டுநரின் காலடியில், தரைத்தகட்டுக்குக் கீழே இருக்கிறது. பிரேக் குழாயின் நட் துருவேறியிருந்தது. அவசரப்பட்டுத் திருகினால் நட்டோடு குழாயும் முறுக்கிக்கொள்ளும். துரு இளக்கும் எண்ணெயை முதல்நாள் இரவே விட்டு ஊறவைத்த பிறகுதான் அது அசைந்தது. வெளியே வந்த ஆயில் காபி டிகாக்‌ஷன் நிறத்தில் இருந்தது. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 3 வகை புதிதாக இருக்கும்போது அதன் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறிய பிறகு 140 வரை இறங்கிவிடலாம். ஆயில் கொதித்தால் பிரேக் பிடிக்காது. நீண்ட இறக்கத்தில் டிரம் சூடேறும் நேரத்தில் இந்த வித்தியாசம் உயிர் சம்பந்தப்பட்டது.

ஏர் எடுக்க, அதாவது குழாய்களில் புகுந்த காற்றை வெளியேற்ற, என் மகள் வந்தாள். தூரத்துச் சக்கரம் முதலில்: இடது பின், வலது பின், இடது முன், வலது முன். சக்கரத்தின் உட்புறம் காற்றை வெளியேற்றத் திறக்கும் நிப்பிளில் கண்ணாடிபோன்ற டியூப்பை மாட்டி, மறுமுனையை ஆயில் ஊற்றிய பாட்டிலில் மூழ்கவைத்தோம். "மிதி... பிடி... விடு" என்று பெரியவர் குரல் கொடுக்க அவள் மிதித்தாள். முதலில் நுரை, பிறகு கடுகளவுக் குமிழிகள், பிறகு தெளிந்த ஆயில். மிதி கல்போல் நின்றது.

முடிந்தது என்றே நினைத்தேன். சேலம் சாலையில் நல்லம்பள்ளியை நெருங்கும்போது கார் யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பதுபோலக் கனத்தது. நிறுத்தினேன். நான்கு சக்கரங்களிலும் தீய்ந்த வாடை. ஆறும்வரை காத்திருந்து, மெதுவாக ஓட்டித் திரும்பினேன்.

பெரியவர் முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கினார். சக்கரம் கையால் சுற்றவில்லை. நிப்பிளைத் திறக்காமல் மாஸ்டர் சிலிண்டரில் சேரும் குழாயின் நட்டைக் கால் சுற்று தளர்த்தினார். சிறிது ஆயில் பீறிட்டது, சக்கரம் விடுபட்டது. அப்படியானால் அழுத்தம் அடைபட்டிருந்த இடம் சிலிண்டரேதான். ஆயில் தொட்டிக்கும் சிலிண்டருக்கும் நடுவே ஊசிமுனை அளவில் ஒரு துளை உண்டு. காலை எடுத்ததும் பிஸ்டன் முழுதாகப் பின்வாங்கி அதைத் திறந்துவிட வேண்டும். மிதியிலிருந்து வரும் தண்டு பிஸ்டனைச் சற்றே தள்ளியபடி இருந்ததால் கப் துளையை மூடியிருந்தது. சூட்டில் விரிந்த ஆயில் திரும்ப வழியின்றித் தானாகவே பிரேக்கை அழுத்தியிருக்கிறது. பழைய சிலிண்டருக்கு வைத்த அளவு புதியதற்குப் பொருந்தவில்லை. தண்டைச் சுருக்கி, பிஸ்டனுக்கும் அதற்கும் இடையே ஒரு மில்லிமீட்டர் போல இடைவெளி விட்டோம். இப்போது மிதியை விரலால் தொட்டால் முதலில் சிறிது வெறுமனே ஆடுகிறது. முன்பு நான் குறையாக நினைத்திருக்கக்கூடிய ஆட்டம் அது.

மறுநாள் அதிகாலையில் தொப்பூர் இறங்கினேன், இரண்டாவது கியரில், பிரேக்கை விட்டு விட்டு மிதித்தபடி. அடிவாரத்தில் சாலையை விட்டு ஒதுங்கி நான்கு சக்கரங்களின் நடுவிலும் கையை வைத்துப் பார்த்தேன். நான்கிலும் ஒரே இளஞ்சூடு.