பின்வரிசையில் ஒரு கொப்பி

காலை எட்டு மணி விரிவுரை. மண்டபத்தின் கடைசி வரிசையில் ஒரு கொப்பியோடு உட்கார்ந்திருந்தேன். முன்னால் நின்று புள்ளிவிபரவியல் படிப்பித்துக்கொண்டிருந்தவர் வேலைக்கு வந்து மூன்று வருடம்கூட ஆகாத இளம் விரிவுரையாளர். நல்ல குரல். ஸ்லைட்டுகள் சுத்தம். ஓரிடத்திலும் தடுமாறவில்லை. ஒவ்வொரு பகுதி முடியும்போதும் "எனி குவெஸ்சன்ஸ்?" என்று கேட்டார். யாரும் வாய் திறக்கவில்லை. "ஓகே" என்று அடுத்த ஸ்லைட்டுக்குப் போனார். அந்தக் கேள்விக்கும் இந்த "ஓகே"க்கும் நடுவில் எத்தனை விநாடி என்று கடிகாரத்தைப் பார்த்து எழுதிக்கொண்டேன். ஒன்று. பிறகு ஒன்றரை. ஆகக் கூடியது இரண்டு.

என் சொந்தப் பாடம் இரசாயனவியல். கொழும்பில் நான் படிப்பிக்கும் பல்கலைக்கழகத்தில் ஏழு வருடமாக இன்னொரு பொறுப்பும் எனக்கு இருக்கிறது. பிரித்தானியாவின் அட்வான்ஸ் எச்ஈ நிறுவனம் உயர்கல்வி கற்பித்தலுக்கு அங்கீகாரமாக வழங்கும் ஃபெலோஷிப்புக்கு விண்ணப்பிக்கும் விரிவுரையாளர்களுக்கு நான் மென்டர், அதாவது வழிகாட்டி. அந்த இளம் விரிவுரையாளரும் அவர்களில் ஒருவர். அசோசியேட் ஃபெலோ, ஃபெலோ, சீனியர் ஃபெலோ, பிரின்சிபல் ஃபெலோ என்று அதில் நான்கு படிகள் உண்டு. பரீட்சை கிடையாது. தான் எப்படிப் படிப்பிக்கிறேன், ஏன் அப்படிப் படிப்பிக்கிறேன் என்று விண்ணப்பிப்பவரே ஒரு கட்டமைப்பை வைத்து எழுத வேண்டும். அவரை அறிந்த இருவர் ஆதரவுக் கடிதம் தர வேண்டும். 2023இல் அந்தக் கட்டமைப்பைத் திருத்தினார்கள். அதற்குப் பிறகு, செய்ததைச் சொன்னால் மட்டும் போதாது, அதனால் மாணவர்களுக்கு என்ன பயன் கிடைத்தது என்பதையும் காட்ட வேண்டியிருக்கிறது. எனக்கு இந்த மாற்றம் மிகவும் பிடித்திருந்தது.

எங்கள் நாட்டில் விரிவுரையாளராக வருகிறவர்கள் யார்? முதல் வகுப்பில் சித்தியடைந்தவர்கள், அல்லது அதற்கு அடுத்த படியில் உள்ளவர்கள். படிப்பித்தது விளங்காவிட்டாலும் லைப்ரரிக்குப் போய்த் தானே படித்து விளங்கிக்கொண்ட பிள்ளைகள் அவர்கள். விளங்காமலே மூன்று வருடம் உட்கார்ந்திருந்த பிள்ளையின் நிலைமை அவர்களுக்கு அனுபவமாகத் தெரியாது. நானும் அப்படி வந்தவள்தான். தகுதிகாண் காலத்தில் உயர்கல்வி கற்பித்தலுக்கான சான்றிதழ் கற்கைநெறி ஒன்றை முடிக்க வேண்டும் என்ற விதி இருப்பது நல்லதுதான். கொழும்புப் பல்கலைக்கழகம் 1990களிலேயே அதற்கென்று ஒரு நிலையத்தைத் தொடங்கிவிட்டது. ஆனால் அந்தச் சான்றிதழ் கையில் வந்து, பதவியும் உறுதியான பிறகு, ஓய்வு பெறும்வரை ஒருவரின் வகுப்புக்குள் இன்னொருவர் காலடி வைப்பது அரிது. பெரும்பாலும் செமஸ்டர் முடிவில் பிள்ளைகள் நிரப்பும் படிவம் மட்டும்தான் வரும்.

சரி, அந்தக் காலைக்கு வருகிறேன். வகுப்பு முடிந்து கென்ரீனில் பிளேன்டீயோடு உட்கார்ந்தோம். வகுப்பைப் பற்றி முதலில் அபிப்பிராயம் சொல்வதில்லை என்பது நான் கடைப்பிடிக்கிற ஒழுங்கு. நல்லது என்றாலும் சரி, குறை என்றாலும் சரி, மென்டர் தீர்ப்புச் சொன்னவுடன் எதிரில் இருப்பவர் தன் வகுப்பை மறந்துவிட்டு அந்தத் தீர்ப்பைப் பற்றித்தான் யோசிப்பார். அதனால் கொப்பியைத் திறந்து இலக்கங்களை மட்டும் வாசித்தேன். ஒன்று, ஒன்றரை, ஒன்று, இரண்டு.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "பிள்ளைகள் கேட்கிறதில்லை மிஸ். ஸ்கூல்லயே அப்படித்தான் பழகி வருகிறார்கள்" என்றார்.

பொய்யில்லை. ஆனால் முழு உண்மையுமில்லை. அந்த மண்டபத்தில் இருந்தவர்களில் பெரும்பாலோர் உயர்தரம்வரை தமிழிலோ சிங்களத்திலோ படித்தவர்கள். நியம விலகல் (தரவுகள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவு) என்று படித்ததை இங்கே வந்து ஆங்கிலத்தில் கேட்கிறார்கள். ஒரு சந்தேகத்தைக் கேட்பதென்றால் முதலில் அதை மனதுக்குள் ஆங்கில வாக்கியமாக்க வேண்டும், பிழை வருமா என்று பார்க்க வேண்டும், பக்கத்தில் இருப்பவன் சிரிப்பானா என்று யோசிக்க வேண்டும். ஒரு விநாடியில் இதெல்லாம் நடக்காது. மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் பள்ளி வகுப்பறைகளில் இதைத்தான் அளந்தார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு விநாடிதான் பொறுத்திருந்தார்கள். அதை மூன்று விநாடி ஆக்கியபோது விடைகள் நீண்டன, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசினார்கள்.

அவர் புள்ளிவிபரவியல்காரர். இதைச் சொன்னதும், "பல்கலைக்கழக வகுப்புகளைப் பற்றியும் தரவு இருக்கிறதா?" என்று கேட்டார். எனக்கு மனம் நிறைந்துவிட்டது. 2014இல் அமெரிக்கத் தேசிய விஞ்ஞானக் கழகத்தின் ஆய்விதழில் வெளிவந்த ஃபிரீமன் குழுவின் கட்டுரையை அனுப்பினேன். விஞ்ஞான, பொறியியல், கணித வகுப்புகளைப் பற்றிய 225 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது அது. விரிவுரை மட்டும் கேட்டவர்களில் 33.8 சதவீதம் பேர் சித்தியடையவில்லை. வகுப்பிலேயே யோசித்து, கதைத்து, செய்து பார்த்தவர்களில் அது 21.8 சதவீதம். மூன்று நாள் கழித்து அந்தக் கட்டுரையின் முறையியல் பற்றி ஒரு பக்கம் நிறையக் கேள்விகளோடு வந்தார். பாதிக் கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. "இருந்தாலும் ஒருமுறை செய்து பார்க்கிறேன்" என்றார்.

அடுத்த கிழமை நான் மறுபடியும் பின்வரிசையில். திரையில் ஒரே ஒரு கேள்வி. ஒரு வகுப்பில் எல்லாருக்கும் 5 புள்ளி கூட்டிக் கொடுக்கிறோம், நியம விலகல் என்ன ஆகும்? கூடும் என்றால் ஒரு விரல், குறையும் என்றால் இரண்டு, மாறாது என்றால் மூன்று. விரலை நெஞ்சோடு வைத்துக் காட்டினால் போதும், பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியத் தேவையில்லை. பாதிக்கு மேல் ஒரு விரல். மூன்று கிழமைக்கு முன்பு இதே மண்டபத்தில் சூத்திரத்தோடு படிப்பித்து முடித்த விடயம் அது. அவர் முகம் மாறியதைக் கடைசி வரிசையிலிருந்தே பார்க்க முடிந்தது.

விடையைச் சொல்லவில்லை. "பக்கத்தில் இருப்பவரோடு கதையுங்கள்" என்றார். எனக்கு முன்னால் இருந்த ஒரு பெண் பிள்ளை, தோழியின் கொப்பியில் ஒரு கோடு போட்டு நாலைந்து புள்ளிகள் வைத்தாள். "இஞ்ச பார், எல்லாரும் சேர்ந்து வலப்பக்கம் தள்ளிப் போகினம். ஆளுக்காள் உள்ள தூரம் அப்படியேதானே இருக்கு?" என்றாள் தமிழில். இந்தப் பக்கம் சிங்களத்தில் ஒரு வாக்குவாதம். மறுபடி விரல் காட்டச் சொன்னபோது மண்டபம் முழுக்க மூன்று விரல்கள், அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் வேறு. முதலில் வாக்கு, பிறகு பக்கத்தில் இருப்பவரோடு விவாதம், மறுபடி வாக்கு: ஹார்வர்டில் எரிக் மசூர் பௌதிக வகுப்புக்காக உருவாக்கிய முறை இது. இடை, அதாவது சராசரி, 5 ஆல் கூடும், விலகல் மாறாது. அந்தப் பெண்ணின் விளக்கத்தைவிடத் தெளிவாக அதை நான் எந்த ஸ்லைட்டிலும் பார்த்ததில்லை.

அன்றுவரை அவர் வகுப்பில் ஆங்கிலம் மட்டும்தான் என்று வைத்திருந்தார். அதன்பிறகு, யோசிப்பது எந்த மொழியிலும் இருக்கலாம், எழுதுவது ஆங்கிலத்தில் இருக்கட்டும் என்று மாற்றிக்கொண்டார். இது அவராகவே எடுத்த முடிவு.

எழுதும் வேலை வந்தபோதுதான் உண்மையாகச் சிக்கியது. முதல் வரைவு முழுக்க "நாங்கள்". திணைக்களத்தில் நாங்கள் செய்தோம், நாங்கள் அறிமுகப்படுத்தினோம். 'நான்' என்று எழுதுவது தற்புகழ்ச்சி என்று சின்ன வயதிலிருந்து சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாங்கள். விண்ணப்பத்தை வாசிக்கும் மதிப்பீட்டாளருக்கோ அந்த ஆள் என்ன யோசித்தார், எதை மாற்றினார் என்று தெரிந்தாக வேண்டும். இதே இடத்தில் சில வருடங்களுக்கு முன் நான் பெரிய பிழை ஒன்று விட்டிருக்கிறேன். இன்னொரு துறையைச் சேர்ந்த ஒருவரின் வரைவு நேரத்துக்கு முடியாமல் இழுபட்டபோது, உதவி என்று நினைத்து இரண்டு இரவு உட்கார்ந்து நானே திருத்தி எழுதிக் கொடுத்தேன். அந்த விண்ணப்பம் திரும்பி வந்தது. அவருடைய சொந்த வகுப்பு அதில் தெரியவில்லை. தெரியாததற்குக் காரணம் நான். அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் பெருந்தன்மையாக நடந்துகொண்டார், ஆனால் மறுபடி விண்ணப்பிக்கவில்லை. அது இன்றும் மனதில் உறுத்துகிறது. அதற்குப் பிறகு எவருடைய வரைவிலும் நான் ஒரு வாக்கியம் எழுதியதில்லை. ஓரத்தில் இரண்டு கேள்விகள் மட்டும் போடுவேன்: ஏன் செய்தீர்கள்? பலன் கிடைத்தது என்று எப்படித் தெரியும்?

இவருடைய வரைவிலும் அதைத்தான் போட்டேன். நாலாவது தடவை கொண்டுவந்தபோது ஒரு பந்தி இப்படித் தொடங்கியது: "நான் படிப்பித்துவிட்டேன் என்று நினைத்திருந்த ஒன்றை, பாதி வகுப்பு படித்திருக்கவில்லை என்பதை விரல்களில் பார்த்தேன்." கீழே, ஐந்து கிழமைகளில் எடுத்த முதலாம் வாக்கெடுப்புகளும் இரண்டாம் வாக்கெடுப்புகளும் அட்டவணையாக இருந்தன. நான் எதுவும் எழுதாமல் திருப்பிக் கொடுத்தேன்.

விண்ணப்பத்தை அனுப்பிய அன்று மாலை, தர்ஸ்டன் வீதிப் பக்கம் நடந்துகொண்டிருந்தபோது கேட்டார்: "மிஸ், உங்கள் வகுப்புக்கு நான் ஒரு நாள் வந்து பார்க்கலாமா?"

இருபது வருடத்துக்கு மேல் படிப்பிக்கிறேன். யாரும் என்னிடம் இதைக் கேட்டதில்லை. செவ்வாய்க்கிழமை வரச் சொன்னேன். இரண்டாம் ஆண்டு, சமநிலை மாறிலி. கடைசி வரிசையில் ஒரு கொப்பியோடு உட்கார்ந்தார். வகுப்பு முடிந்ததும் அதே கென்ரீன், அதே பிளேன்டீ. அபிப்பிராயம் எதுவும் சொல்லவில்லை. கொப்பியைத் திறந்தார்.

"கேள்விகள் பதினான்கு மிஸ். அதில் ஒன்பதுக்கு நீங்களே விடை சொன்னீர்கள்."

எந்த ஒன்பது என்று கேட்டேன். கொப்பியை என் பக்கம் திருப்பி வைத்தார்.