நூற்றெட்டு பிரேம்

ஜனவரி 6, திங்கள்

டென்னிஸ் கோர்ட்டில் இன்றைக்கும் நெட். நான் வீடியோ எடுத்துப் பார்க்கும் பையனின் 40 முதல் சர்வில் 17 வலையில். போன வாரம் இதே 40-இல் வலையில் விழுந்தது 5, கோட்டைத் தாண்டியது 14. ஒரே வாரத்தில் ஒருவன் சர்வ் தானாகத் தலைகீழாக மாறாது. எதையோ மாற்றியிருக்கிறான், இல்லை மாற்றச் சொல்லியிருக்கிறார்கள்.

மார்க்கர் அண்ணன் (கோர்ட்டில் கூட ஆடிப் பழக்குபவர்) வழக்கம்போல: "ரிஸ்ட்டு மடங்கல தம்பி. நல்லா மடக்கு, பந்து தானா இறங்கும்."

இறங்கத்தான் செய்கிறது. வலைக்குள்.

ஆட்டத்துக்கு 13 நாள்.

ஜனவரி 7, செவ்வாய்

நேற்று எடுத்த வீடியோ அத்தனையும் குப்பை. சாயங்காலம் ஃப்ளட்லைட்டில் எடுத்தது; மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு நொடிக்கு 100 முறை துடிக்கிறது, 240 எஃப்பிஎஸ்ஸில் (நொடிக்கு 240 படம்; ஒரு படம் ஒரு பிரேம்) பிரேமுக்குப் பிரேம் வெளிச்சம் ஏறி இறங்குகிறது. போன் தானாக ஷட்டரை (ஒரு படத்துக்கு வெளிச்சம் விழும் நேரத்தை) தேர்ந்தெடுத்ததால் ராக்கெட் நுனி விசிறி மாதிரி பரவிக்கிடக்கிறது. நுனி நொடிக்கு 45 மீட்டர் போகிறது என்று வைத்துக்கொண்டால் 1/240 ஷட்டரில் 19 செ.மீ. கறை. 1/2000 வைத்தால் இரண்டு செ.மீ. சொச்சம். அதற்குப் பகல் வெளிச்சம் வேண்டும்.

இன்று காலை 8 மணிக்கு மறுபடி. கோர்ட் வடக்கு தெற்கு. அவன் தெற்குப் பக்கம் நின்று வடக்கே பார்த்துப் போட்டால் வலது கையும் நெஞ்சும் கிழக்குப் பக்கம். கேமரா கிழக்கே, சரியாக பேஸ்லைன் (கோர்ட்டின் பின்கோடு) நீட்சியில், 10 மீட்டர் தள்ளி, இடுப்புக்குச் சற்று மேல் உயரத்தில், 2 மடங்கு ஜூமில். வெயில் நம் முதுகில், வெளிச்சம் அவன் மேல். பக்கத்தில் நின்று அகலக் கோணத்தில் எடுத்தால் விளிம்பில் எல்லாம் இழுபடும், உயரத்தை அளக்கவே முடியாது. அவன் நிற்கிற இடத்தில் 2 மீட்டர் கம்பு ஒன்றை நட்டு ஒரு வினாடி எடுத்துக்கொண்டேன். அளவுகோல் அதுதான். நெட் கம்பத்தை (1.07 மீ.) அளவாக வைக்கக்கூடாது. அது வேறு தூரத்தில் இருக்கிறது.

ஜனவரி 8, புதன்

எண்ணிக்கை உதைக்கிறது. டாஸ் (சர்வுக்காகப் பந்தை மேலே எறிவது) கையை விட்டதிலிருந்து ராக்கெட் பந்தைத் தொடுவது வரை ஒரு வீடியோவில் 204 பிரேம், இன்னொன்றில் 25.

இரண்டாவது வாட்ஸ்அப்பில் வந்தது. 30 எஃப்பிஎஸ்ஸாகச் சுருக்கிவிட்டது. ஸ்லோமோ கோப்பை போனிலிருந்து ஏற்றுமதி செய்தாலும் தொல்லைதான்: முதலும் கடைசியும் சாதா வேகத்தில், நடுவில் மட்டும் மெதுவாக. அதில் போய்ப் பிரேம் எண்ணினால் ஏமாற்றம்தான். மூலக் கோப்பை கேபிளில் எடுக்கணும்.

இனிமேல் ஒவ்வொரு நாளும் முதலில் இதைச் செய்வது: பந்தின் அடிப்பாகம் சரியாக 1 மீட்டர் உயரத்தில் இருக்கும்படி பிடித்து, தள்ளாமல் விடவேண்டியது. தரையைத் தொட 0.45 வினாடி ஆகும். 240-இல் அது 108 பிரேம். 107, 109 வந்தால் பரவாயில்லை. 13, 14 வந்தால் அது 30 எஃப்பிஎஸ் கோப்பு, மூடிவைத்துவிடலாம். பூமிக்குக் கடிகாரம் தப்பாது.

இன்று: 108. மூன்று தடவை விட்டேன். பிள்ளையாருக்குச் சுற்றின மாதிரி ஒரு நிம்மதி.

ஜனவரி 9, வியாழன்

ரிஸ்ட், ரிஸ்ட், ரிஸ்ட். கோச்சும் அதையே சொல்கிறார் இப்போது.

தொடுவதற்கு முந்தைய பிரேம்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தால் தெரியும். ராக்கெட் முதுகுக்குப் பின்னால் அடிமட்டத்திலிருந்து பந்தை அடைய ஏறத்தாழ 20 பிரேம். அதில் முக்கால்வாசி தூரம் ராக்கெட் கத்தி மாதிரி விளிம்பைக் காட்டிக்கொண்டுதான் ஏறுகிறது. கடைசி நாலைந்து பிரேமில் மேல்கை தோளிலிருந்து உள்பக்கமாகச் சுழல, முன்கையும் கூடவே திரும்ப, முகம் பந்தைப் பார்க்கிறது. நல்ல ஆட்டக்காரர்களுக்கு இந்தத் தோள் சுழற்சி வினாடிக்கு 2,000 டிகிரிக்கு மேல். ஒரே பிரேமில் 8 டிகிரிக்குக் குறையாது. 30 எஃப்பிஎஸ்ஸிலோ வெறும் கண்ணிலோ இது தெரியவே தெரியாது. பந்து போன பிறகு கை தொங்குவதுதான் தெரியும், அதைப் பார்த்து "மணிக்கட்டு மடிந்தது" என்பார்கள்.

அவனுக்குப் போன வாரமும் இந்த வாரமும் இந்த 20 பிரேம் ஒன்றுபோலவே இருக்கிறது. கோளாறு அங்கே இல்லை.

கோச்சிடம் காட்டிய ஒரு பிரேமில் ராக்கெட் வாழைப்பழம் மாதிரி வளைந்து தெரிந்தது. "பாருங்க, ஃப்ரேம் எப்படி வளையுது" என்றார். அது ராக்கெட் வளைவு இல்லை சார், சென்சார் வரிவரியாகப் படிப்பதால் வரும் வளைவு. நம்பவில்லை.

ஜனவரி 11, சனி

இடது கை.

ஜனவரி 12, ஞாயிறு

நேற்று ஒரு வார்த்தைக்கு மேல் எழுத முடியவில்லை. இன்று எண்ணி முடித்தாயிற்று.

போன வாரத்து நல்ல சர்வ்கள் 6, இந்த வாரம் வலையில் விழுந்தவை 6. மூன்று தருணம் மட்டும் குறித்தேன்: இடது கை இறங்கத் தொடங்கும் பிரேம், டாஸ் உச்சியில் நிற்கும் பிரேம், தொடும் பிரேம். பந்து நரம்பில் ஒட்டியிருப்பது 4, 5 மில்லிவினாடிதான். 240-இல் ஒரு பிரேம் கிடைத்துவிடும். 120-இல் எடுத்தால் பாதி சர்வில் அதுவும் கிடைக்காது.

நல்லவற்றில் உச்சியிலிருந்து தொடுவது வரை 76 பிரேம், கை இறங்குவது உச்சிக்கு 4 பிரேம் முன்பு. வலையில் விழுந்தவற்றில் உச்சியிலிருந்து 82, கை இறங்குவது 18 பிரேம் முன்பு. பந்து இன்னும் மேலே ஏறிக்கொண்டிருக்கும்போதே கை கீழே வந்துவிடுகிறது. கையோடு இடது தோள், தோளோடு தலை, கடைசியில் இடுப்பு மடிகிறது. அடிக்கிற தோள் தாழ்ந்துபோகிறது.

கம்பை வைத்து அளந்தால் தொடும் உயரம் 2.80-லிருந்து 2.72. எட்டு செ.மீ. வித்தியாசம் அளவுப் பிழையாக இருக்குமோ என்று ராத்திரி பூராவும் உறுத்தல். காலையில் பொறி தட்டியது: அந்த உயரத்தில் பந்து நொடிக்கு 3 மீட்டர் சொச்சம் வேகத்தில் விழுகிறது, பிரேமுக்கு 1.3 செ.மீ. ஆறு பிரேம் தாமதம் என்றால் 8 செ.மீ. கம்பும் கடிகாரமும் தனித்தனியாக ஒரே விடை சொல்கின்றன.

எட்டு செ.மீ. பெரிய விஷயமா என்றால், ஆமாம். நெட் நடுவில் 0.914 மீ., பேஸ்லைனிலிருந்து எதிர்ப்பக்க சர்வீஸ் கோடு 18.28 மீ. புவியீர்ப்பே இல்லை, பந்து நூல் பிடித்த மாதிரி நேராகப் போகிறது என்று வைத்தாலும், வலையை உரசாமல் கட்டத்துக்குள் விழ 2.6 மீட்டருக்கு மேல் தொட்டாகணும். 2.80-இல் ஒரு சாளரம் இருக்கிறது. 2.72-இல் அது கீற்று.

ஜனவரி 13, திங்கள், போகி

ஏன் கையை இறக்கினான் என்பது இப்போதுதான் பிடிபட்டது.

டிசம்பர் முழுக்கச் சென்னையில் ஆடிவிட்டு வந்தவன். இங்கே பெங்களூரில் கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல். காற்றின் அடர்த்தி கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு குறைவு. இழுவையும் குறைவு, சுழற்சியால் பந்து குனிவதும் குறைவு. அதே அடி இன்னும் தள்ளி விழும். உயரமான ஊர்களுக்கென்று விதியில் தனிப் பந்து உண்டு, ஆனால் அது 1,219 மீட்டருக்கு மேல்தான். பெங்களூர் ரெண்டும்கெட்டான்.

ஆக முதல் வாரம் நீளமாகப் போன 14-க்குக் காரணம் ஊர். சர்வ் சரியாகத்தான் இருந்தது. யாரோ "பந்தைக் கீழே இழு" என்றிருக்கிறார்கள். இழுத்தான். இன்று வீடியோவில் நாம் பார்க்கிற நோய், போன வாரம் கொடுத்த மருந்து.

இதைக் கண்டுபிடிக்க ஏழு நாள். எனக்கே எரிச்சல். முதல் நாளே பழைய சென்னை வீடியோவைப் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கணும்.

ஜனவரி 14, செவ்வாய்

கோர்ட் மூடல். கீழ்வீட்டிலிருந்து எள்ளு பெல்லா (எள்ளும் வெல்லமும்), நம் வீட்டிலிருந்து பொங்கல் அவர்களுக்கு. 5 நாள்.

ஜனவரி 15, புதன்

"இடது கையை மேலேயே வை" என்று சொன்னதுதான் தாமதம், பஸ்ஸில் கம்பியைப் பிடித்த மாதிரி தூக்கி நிறுத்திவிட்டான். மூன்று சர்வ் பின்வேலியில். கை மேலேயே மாட்டிக்கொண்டால் உடம்பு நிற்காமல் இடதுபுறம் சுற்றிவிடுகிறது.

சொல்வதை மாற்றினேன். "பந்து நிற்கும்வரை விரல் பந்தைக் காட்டட்டும். அப்புறம் கை வயிற்றுக்கு வரட்டும்." கை வயிற்றோடு மடிந்தால் உடம்பின் சுழற்சிக்கு அங்கே ஒரு பிரேக் விழுகிறது, அந்த வேகம் வலது தோளுக்குப் போகிறது. வெளிப்பக்கம் தொங்கினால் பிரேக் கிடையாது.

20 சர்வ். கை உச்சிக்கு 6, 5, 9, 4, 5 பிரேம் முன்பு... மேலே வந்திருக்கிறது. வலையில் 3.

நீளமாக 7. அதுதான் பாக்கி.

ஜனவரி 16, வியாழன்

நீளத்துக்கு மருந்து சுழற்சி, இழுப்பு இல்லை. பந்தின் நடுவில் சுற்றிலும் கறுப்பு மார்க்கரால் கோடு போட்டு எண்ணினேன். ஒரு சுற்றுக்கு 8 பிரேம், அதாவது நிமிடத்துக்கு 1,800. 6 பிரேமுக்கு ஒரு சுற்று வந்தால் 2,400. ஷட்டர் மெதுவாக இருந்தால் கோடு சாம்பலாகக் கரைந்துவிடும், 1/2000-க்குக் கீழே போகக்கூடாது.

டாஸை ஓர் அரைப் பந்து இடப்பக்கம் நகர்த்தச் சொன்னேன். தலைக்கு மேல் கொண்டுபோகவேண்டாம், அது இரண்டாவது சர்வுக்கு. அமெரிக்க ஆட்டக்காரர் சாம்ப்ராஸின் டாஸைப் பார்த்து எந்த சர்வ் வருகிறது என்று எதிராளிகளால் கண்டுபிடிக்க முடியாது என்பார்கள். இவன் டாஸை ஓரடி நகர்த்தினால் பந்து பொறுக்குகிற பையன்கூடச் சொல்லிவிடுவான்.

7 பிரேம், 6, 7, 6. வலைக்கு மேல் தாராளமாகப் போய்க் கட்டத்துக்குள் குனிகிறது.

கோச் இன்று ரிஸ்ட் பற்றி எதுவும் பேசவில்லை.

ஜனவரி 17, வெள்ளி

ஆறாவது கேமில் களைத்ததும் 14 பிரேம். மறுபடி கை. முதல் நாலு கேமில் 5, 6. அப்புறம் 14, 16.

2022-இல் பெலாரஸ் ஆட்டக்காரர் சபலென்காவின் டபுள் ஃபால்ட்டுகளை (இரண்டு சர்வும் தப்புவது) பார்த்து மனசுதான் காரணம் என்றார்கள். பயோமெக்கானிக்ஸ் (உடல் அசைவை ஆராயும்) ஆளைக் கூட்டிவந்து அசைவைச் சரிசெய்தார், 2023 ஜனவரியில் ஆஸ்திரேலியன் ஓபன் பட்டம். சரிதான். ஆனால் அவருக்குக் கிடைத்தது மாதக்கணக்கில். இங்கே இரண்டு நாள்.

கால் களைத்தால் முழங்கால் மடிப்பு குறைகிறது, மேலே தள்ளுவதற்கு எதுவும் இல்லை, அதனால் கை அவசரப்படுகிறதா? அல்லது கை முதலில், கால் பிறகா? பக்கவாட்டு வீடியோவில் இரண்டும் ஒரே சமயம் மாதிரி தெரிகிறது. இன்று ராத்திரி முழங்காலுக்குத் தனியாக எண்ணணும்.

ஜனவரி 18, சனி

கால்தான் முதலில். 9 பிரேம் வித்தியாசம். நாளைக்கு இதைச் சொல்லப்போவதில்லை. ஆட்டத்தன்று ஒரு வார்த்தைதான் தலையில் நிற்கும்: வயிறு.

நாளைக்குக் கிழக்குப் பக்கம் நிற்க விடமாட்டார்கள், பின்வேலிதான். பின்னாலிருந்து தொடும் உயரம் சரியாக வராது. இடது கை எப்போது இறங்குகிறது என்பது தெரியும். போன், பவர் பேங்க் இரண்டும் சார்ஜில். 1 மீட்டர் டேப் பைக்குள்.